மைதானத்துச் சாவி யார் கையில்?

சென்னையின் பழைய திறந்தவெளிகளில் ஒன்று பீரங்கிக்காக உண்டானது. 1746இல் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், வடக்கு மதிலை ஒட்டியிருந்த கருப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்து முடித்தார்கள். அடுத்த முறை எதிரி வந்தால் வீடுகளின் மறைவில் பதுங்கக் கூடாது, குண்டு தடையில்லாமல் பாய வேண்டும் என்பது கணக்கு. அங்கே குடியிருந்தவர்கள் இன்னும் வடக்கே தள்ளிப் போனார்கள். இந்த வெட்டவெளிக்குள் யாரும் வீடு கட்டக் கூடாதென்று 1773இல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

எஸ்பிளனேடு என்று பேர் பெற்ற அந்த வெளியில்தான் 1892இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. பம்பாயின் எஸ்பிளனேடு, கல்கத்தாவின் மைதான் ஆகியவற்றுக்கும் பூர்வீகம் கோட்டையும் பீரங்கியும்தான். நகரத்தின் நடுவே ஒரு நிலம் காலியாகக் கிடக்கிறது என்றால் அதை யாரோ காலியாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கே யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை வாசலில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த ஊரில் யாருக்கு என்ன இடம் என்பது தெரிந்துவிடும். சென்னையின் விளையாட்டுக் கதையை இந்தக் கோணத்தில் படித்தால், ஸ்கோர் புத்தகத்தில் ஏறாத பல சங்கதிகள் பிடிபடும்.

மரத்தடிச் சாப்பாடு

1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் முதலில் தீவுத்திடலில் ஆடியது. 1860களில் சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது. 1855இல் ஆற்காட்டு நவாப் வாரிசின்றி இறந்தபின் அரசாங்கத்தின் கைக்கு வந்த அரண்மனை வளாகத்தின் ஒரு துண்டு அது. கிளப்பில் ஐரோப்பியர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். இந்தியர்கள் வந்து ஆடலாம், ரன் எடுக்கலாம், விக்கெட் எடுக்கலாம். சாப்பாட்டு வேளை வந்ததும் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள். இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த துபாஷிக் குடும்பத்துச் செல்வந்தர் புச்சிபாபு நாயுடுவுக்கு இந்த மரத்தடி பொறுக்கவில்லை. 1888இல், இருபது வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மட்டையும் பந்தும் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்குத் தன் செலவில் எடுத்துக் கொடுத்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சமமாக மோதும் ஒரு போட்டியை நடத்திப் பார்க்க ஆசைப்பட்டவர், 1908இல் நாற்பது வயதில் காலமானார். அவர் நினைத்த ஆட்டம் பிறகு ‘பிரசிடென்சி மேட்ச்’ ஆயிற்று. 1915–16 முதல் பொங்கலையொட்டி நடந்துவந்து, சேப்பாக்கத்தின் பொங்கல் என்றே பேர் எடுத்தது. ரசிகர்கள் கட்டுச்சோறோடு வந்தார்கள். ஆட்டத்தில் வென்றது யார் என்பதைவிட, இரண்டு அணிகளும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டதுதான் பெரிய விஷயம்.

பிரசிடென்சி மேட்ச் 1951–52 பருவத்தோடு நின்றது. ஐரோப்பியர் அணி ஒன்றைத் திரட்ட ஊரில் ஆள் குறைந்துபோன காலம் அது. அதே பருவத்தில், 1952 பிப்ரவரியில், அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்தார். மரத்தடிக்கும் இந்த வெற்றிக்கும் நடுவே ஏறத்தாழ அறுபத்து நான்கு வருஷம்.

சேப்பாக்கத்துக் கூட்டத்துக்கென்று பின்னாளில் ஒரு பேர் உண்டானது. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, கேலரி முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஆட்டம் தெரிந்த கூட்டம் என்று அதைப் புகழ்வார்கள். தலைமுறை தலைமுறையாக அதே படிக்கட்டில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத்தான், விருந்தாளிக்குக் கைதட்டும் அளவுக்கு அந்த இடம் சொந்தம் போலத் தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

துறைமுகம் கொடுத்த மணல், தின்ற மணல்

மெரினாவை இயற்கை கொடுத்த கொடை என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் அகலத்துக்குக் காரணம் துறைமுகம். இந்தக் கடற்கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களின் நடுவில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. மணல் தெற்கே குவிந்து கரை அகலமானது. கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து, 1884இல் மெரினா என்று பேர் வைத்தார்.

தெற்கே குவிந்தது வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல். அது வராமல் போனதால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரையைக் கடல் அரித்துத் தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின; இப்போது பாறாங்கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரே கடல், ஒரே ஊர். தென்சென்னைப் பிள்ளைகளுக்கு மணலில் கபடியும் வாலிபாலும் ஆடக் காசில்லாத மைதானம் கிடைத்தது. வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கருங்கல் மேட்டிலிருந்து அலையைப் பார்ப்பதுதான் வாய்த்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் வடக்கைப் பற்றி அதிகம் கவலைப்படவும் இல்லை.

நடுச்சென்னையில் இருந்த பெரிய வெளி வேறு விதமாகக் கரைந்தது. 1859–60இல் கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் அமைத்த பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். குளங்களும் வண்டிப் பாதைகளும் ஒரு மிருகக்காட்சிச் சாலையும் அதற்குள் இருந்தன. விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ரயில்வேயின் தேவைகள், ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டைக் கேட்டு வாங்கின. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. மிருகங்கள் வண்டலூருக்குப் போய்விட்டன. பூங்காவில் மிச்சம் என்று காட்டச் சில மரங்களும், பார்க் டவுன் என்ற பேரும் உண்டு.

இடம் எவ்வளவோ அவ்வளவு ஆட்டம்

வடசென்னையில் துறைமுகம், பின்னி ஆலை, ரயில்வே பணிமனைகள் என்று உடல் உழைப்பு நிறைய, நிலம் கொஞ்சம். அங்கே வேரூன்றிய விளையாட்டுகளின் அளவைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். குத்துச்சண்டைக்கு வேண்டியது பக்கத்துக்கு இருபது அடி உள்ள கயிற்றுச் சதுரம். பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். கேரமுக்கு 74 சென்டிமீட்டர் பலகை, மேலே ஒரு பல்பு, கொஞ்சம் போரிக் பவுடர். இடம் சுருங்கச் சுருங்க ஆட்டமும் அதற்கேற்ப மடங்கிக்கொண்டது; திறமை மட்டும் மடங்கவில்லை.

குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் இருந்தன. பரம்பரை என்றால் ரத்த உறவு இல்லை. ஒரு வாத்தியாரிடம் பழகிய வரிசை. ஆலைத் தொழிலாளியும், மீனவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் ஒரே பரம்பரையின் பேரில் ரிங்கில் ஏறுவார்கள். ஏரியாவே திரண்டு பின்னால் வரும். சாதியும் பேட்டையும் இதற்குள்ளும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது, வடசென்னை தன் வீட்டு விசேஷம் போல அங்கே கூடியது. பிறகு தகராறுகள், வழக்குகள் என்று பொதுவெளிச் சண்டைகள் மங்கின. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்தபோதுதான் தென்சென்னையில் பலருக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

கேரமின் கதை இன்னும் சுவாரசியம். பெரிய வீடுகளில் அது மழைநாள் பொழுதுபோக்கு. வடசென்னைத் தெருக்களில் அது கிளப் ஆட்டம். டீக்கடைக்குப் பக்கத்து அறையில் நான்கு பலகை, சுற்றி நின்று பார்க்கும் கூட்டம், காய் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ‘ஸ்ஸ்’. அந்தோணி மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனார். கேரமுக்காக அர்ஜுனா விருது பெற்றவரும் அவரே. வியாசர்பாடியிலிருந்து இளவழகி உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் வென்று திரும்பினார். கேரமில் பெண்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணத்தை ஊகிக்கலாம்: வீட்டுக்கு அருகே, கூரையின் கீழ், பெரியவர்கள் கண்ணில் படும்படி ஆடும் ஆட்டத்துக்கு வீடுகள் எளிதில் தடை சொல்வதில்லை.

கூரையே இல்லாதவர்களும் ஆடினார்கள். 2019 மே மாதம் லண்டனில், தெருவோரக் குழந்தைகளுக்கான முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. சென்னையிலும் மும்பையிலும் நடைபாதையை அறிந்து வளர்ந்த சிறுவர் சிறுமியர் சேர்ந்த ‘இந்தியா சவுத்’ அணி லார்ட்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை வென்றது. சேப்பாக்கத்து மரத்தடியை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

ஒரே மைதானம், ஏழு மேட்ச்

தி. நகர் சோமசுந்தரம் மைதானம் போன்ற மாநகராட்சித் திடலில் ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. ஒரே வெளியில் ஆறேழு டென்னிஸ் பந்து மேட்ச்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். ஒரு ஆட்டத்தின் மிட்-ஆன், இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப்புக்குப் பக்கத்தில் நிற்பார். பந்து தவறி வேறு பிட்சுக்குள் ஓடினால், அங்கே பந்து வீச ஓடி வருபவர் நின்று, அதைக் காலால் தடுத்துத் திருப்பி எறிந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்குவார். கோடு கிடையாது, அம்பயர் கிடையாது. யார் மேட்ச் எங்கே முடிகிறது என்பது ஆடுபவர்களுக்கு மட்டும் தெரியும். அந்நியர்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் வாழப் பழகும் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நகரத் திட்ட வல்லுநரும் சொல்லிவிட முடியாது.

சந்துக்குள் விதிகள் வேறு. மாடிக்கு மேல் அடித்தால் அவுட். ஒரு பிட்ச், ஒரு கை கேட்ச் அவுட். சாக்கடையில் விழுந்த பந்தை அடித்தவன்தான் எடுக்க வேண்டும். பந்து போன வீட்டுக்கதவைத் தட்ட, அந்த வீட்டு மாமியிடம் திட்டு வாங்காத பையன் ஒருவனைப் பொறுக்கி அனுப்புவார்கள். வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ 2007இல் இந்தப் பெட் மேட்ச் உலகத்தைப் படமாக்கியது. தலைப்பே அஞ்சல் குறியீடு. ஏரியாதான் அணி, அணிதான் அடையாளம் என்பதை இயக்குநர் அதிலேயே சொல்லிவிட்டார். படத்தில் பெண்கள் ஆடவில்லை என்பதும் நடப்புக்கு ஒத்ததே. சந்திலும் திடலிலும் பத்து வயது வரை சேர்ந்து ஓடிய சிறுமி, வயதுக்கு வந்ததும் ஓரத்துக்குப் போகிறாள். மைதானத்துக்குப் பூட்டு இல்லை. ஆனால் உடை மாற்ற அறை இல்லை, சுத்தமான கழிப்பறை இல்லை, ஆறு மணிக்கு மேல் விளக்கு இல்லை. பூட்டு செய்யும் வேலையை இவை சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன.

கண்ணகி நகர் இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. ஆற்றங்கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் குடிசைகளில் இருந்தவர்களை 2000 முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்பு அது. வேலை, பள்ளி, ரேஷன் கடை எல்லாம் பழைய இடத்தில் விட்டுப்போனது ஒரு துயரம் என்றால், முகவரியே ஒரு குற்றமாகிப்போனது இன்னொன்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பவர்கள் அங்கே உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா அந்த ஊர்க்காரர். அங்குள்ள பூங்காவில் ஆடிப் பழகியவர். ஊர் திரும்பியபோது பட்டாசும் மேளமுமாகத் தெரு நிறைந்தது. பத்திரிகைகள் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று எழுதின. மறைத்த முகவரி பட்டமாக மாறியது. முதலமைச்சர் 25 லட்சம் ரூபாய் கொடுத்தார். பெண்கள் கபடிக்கு வேண்டிய அந்த 96 சதுர மீட்டர் ஆடுகளத்துக்கு முன்பே ஒரு கூரையும் ஒரு விரிப்பும் கொடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் அதில் தவறில்லை.

மணிக்கு நூற்றிருபது

கடந்த சில வருஷங்களில் நகரமெங்கும் முளைத்திருப்பவை ‘டர்ஃப்’கள். காலி மனை, அல்லது மொட்டை மாடி. சுற்றிலும் வலை, கீழே பிளாஸ்டிக் புல், மேலே எல்.இ.டி. விளக்கு. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை; செல்போனில் பதிவு. ஐ.டி. அலுவலகம் முடிந்து இரவு பத்து மணிக்கு ஆட வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது. பெண்கள் துணிந்து ஆட வரும் இடமாகவும் சில டர்ஃப்கள் ஆகியிருக்கின்றன. ஆனால் அங்கே வேடிக்கை பார்த்து நின்று, ஆள் குறையும்போது உள்ளே கூப்பிடப்படும் பையன் கிடையாது. திடலில் விளையாட்டு வீரர்கள் உருவானது பெரும்பாலும் அந்த ஓரத்தில் நின்றுதான்.

மாநகராட்சியும் தன் கால்பந்துத் திடல்கள் சிலவற்றில் செயற்கைப் புல் விரித்தது. வெயில் ஏறியதும் அந்தப் புல் சுடும். செருப்பில்லாமல் ஆடிப் பழகிய கால்களுக்கு ஷூ கட்டாயமாகும். அதையும் பொறுத்துக்கொண்டார்கள். 2024 அக்டோபர் கடைசியில், வியாசர்பாடி உட்பட 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆள் ஒன்றுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க மாமன்றம் தீர்மானம் போட்டது. பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். தனியார் டர்ஃபின் விலை. வடசென்னையின் கால்பந்தே கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். கவுன்சிலர்களிடமிருந்தும் வெளியிலிருந்தும் எழுந்த எதிர்ப்பில் தீர்மானம் உடனே திரும்பப் பெறப்பட்டது. பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஆடுகிற பையனின் சட்டைப்பையில் விடை தேடியதுதான் பிசகு.

அதே வருஷம் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையை மூடி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. செப்டம்பரிலேயே கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை அரசு மீட்டுக்கொண்டது. 1945இல் ரேஸ் கிளப்புக்கு 99 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்ட நிலம். வருஷ வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகை பாக்கி 730 கோடி என்றது அரசு. கிளப் நீதிமன்றம் போனது. அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பூங்காவாக்கவும், மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டவும் திட்டம் வந்தது. குதிரை ஓட்டத்தையும் கோல்ஃபையும் சிலர் பார்த்த நிலத்துக்குள் எல்லாரும் நடக்கலாம் என்பது நல்ல செய்திதான். அந்தப் பூங்காவில் பந்து உருட்டலாமா என்பது வேறு விஷயம். சென்னையின் பூங்காக்களில் நடைபாதையும் புல்தரையும் நேர்த்தியாக இருக்கும், ‘விளையாடாதீர்கள்’ பலகையும் கூடவே இருக்கும்.

புதிய நிலத்துக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மனைப்பிரிவோ அடுக்குமாடியோ 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையென்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டியும் தப்பலாம். பணம் கட்டுகிறவர்களுக்கு மண் மிச்சம், தெருவுக்குத் திடல் நஷ்டம். நிலமாகக் கொடுத்த இடங்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்திரப்படி அது ஊருக்குச் சொந்தம். ஆனால் குடியிருப்பின் பின்பக்கமாக, காம்பவுண்டுச் சுவருக்குள் அது அமைந்துவிட்டால், அதற்குப் போகும் பாதை குடியிருப்பின் வாசல் வழியாகத்தான். மட்டையும் பந்துமாகப் பக்கத்துத் தெருப் பையன்கள் வந்து நின்றால், எந்த பிளாக், எந்த வீடு என்று வாட்ச்மேன் கேட்பார்.